பாலத்தடியில் ஒரு பூதம்: லெகோவில் முதல் இடைக்காலக் காட்சி கட்டுவது எப்படி

நான் கட்டிய முதல் லெகோ கோட்டையைப் பார்த்துவிட்டு அக்கா மகள் கேட்டாள்: "மாமா, இது பஞ்சாயத்துத் தண்ணி டேங்க்கா?" கோபம் வந்தது. பிறகு தள்ளி நின்று பார்த்தேன். அவள் சொன்னதில் தப்பில்லை. வழவழவென்று ஒரே சாம்பல் நிறத்தில் நாலு சுவர், நடுவில் உருளையாக ஒரு கோபுரம், உச்சியில் பல்வரிசை மாதிரி ஞாயில். ஊர்ப் பெயரையும் கட்டிய ஆண்டையும் எழுதிவிட்டால் குழாயடியில் குடத்தோடு வரிசை நின்றுவிடும்.

இந்தப் பொழுதுபோக்குக்குள் புதிதாக வருகிறவர்களில் பலர் என்னைப் போலத்தான், எடுத்த எடுப்பில் கோட்டை கட்டப் போகிறார்கள். ஒரு கணக்குப் போடுங்கள். லெகோ கட்டையின் மேலே துருத்தி நிற்கும் சிறு மொட்டுதான் குமிழ், கட்டைக்குப் பெயர் பிரிக். 48 குமிழ் நீளம், 48 குமிழ் அகலம், 12 பிரிக் உயரத்தில் வெறும் வெளிச்சுவர் மட்டும் எழுப்பவே 1×2 குமிழ் அளவுள்ள பிரிக் ஆயிரத்துக்கு மேல் வேண்டும். கதவு, கூரை, கோபுரம், ராஜா எல்லாம் தனி. பாதியில் உதிரி தீரும், மிச்சத்தை என்ன நிறம் கையில் இருக்கிறதோ அதில் முடிப்போம், முடித்ததும் தண்ணீர்த் தொட்டி. அதனால் இந்தக் கட்டுரையில் கோட்டை கிடையாது. 16க்கு 24 குமிழ் அளவில் ஒரு கல் பாலம், பக்கத்தில் சுங்கம் வசூலிக்கும் காவலனுக்கு ஒரு குடிசை, பாலத்துக்கு அடியில் ஒரு பூதம். அவ்வளவுதான் காட்சி. கிட்டத்தட்ட 700 உதிரிக்குள் முடியும். கல், மரம், கூரை, மண், தண்ணீர், செடி என்று இடைக்காலக் காட்சிக்கு வேண்டிய எல்லாமே இதற்குள் ஒரு கைப்பிடி அளவு வந்துவிடும்.

பேச்சு வழக்கு கொஞ்சம்

கட்டைக்குப் பிரிக், பட்டையான துண்டுக்குப் பிளேட், மேலே குமிழ் இல்லாத வழுவழுப்பான பட்டைக்கு டைல், சரிவான துண்டுக்கு ஸ்லோப். உதிரி வாங்கும் இடங்களில் எல்லாம் இந்தப் பெயர்கள்தான் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். குமிழை மட்டும் குமிழ் என்றே சொல்கிறேன். பெட்டியோடு வரும் குறிப்பேட்டைப் பார்க்காமல் நீங்களாக யோசித்துக் கட்டியது 'மாக்'. குமிழ் மேல்பக்கம் பார்க்காமல் பக்கவாட்டிலோ கீழேயோ பார்க்கும்படி கட்டுவது 'ஸ்நாட்'. லெகோ ரசிகர் குழுக்களில் இந்த இரண்டு சொல்லும் நாளைக்கு நூறு தடவை காதில் விழும்.

மூன்று அளவுகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரண்டு குமிழ்களுக்கு நடுவே உள்ள தூரம் 8 மி.மீ. ஒரு பிளேட்டின் தடிமன் 3.2 மி.மீ. ஒரு பிரிக்கின் உயரம் 9.6 மி.மீ., அதாவது மூன்று பிளேட். இதிலிருந்து ஒரு ரகசியம் வருகிறது: ஐந்து பிளேட்டை அடுக்கினால் 16 மி.மீ., அது சரியாக இரண்டு குமிழ் அகலம். பக்கவாட்டில் திருப்பிக் கட்டியது மற்றதோடு இடைவெளி இல்லாமல் உட்காருவது இந்தக் கணக்கால்தான்.

லெகோ மனித உருவம் சுமார் 4 செ.மீ. உயரம். அது 1.7 மீட்டர் ஆள் என்று வைத்தால் நம் அளவு ஏறக்குறைய 1:42. ஒரு குமிழ் என்பது உண்மையில் ஓர் அடியை விடச் சற்றுக் கூடுதல். இந்த உருவங்கள் உயரத்துக்குப் பொருந்தாத அளவு பருமன். ஒருவர் நிற்கவே இரண்டு குமிழ் அகலம் வேண்டும். அதனால் கதவையும் பாதையையும் கணக்கைவிடக் கொஞ்சம் தாராளமாக வைக்க வேண்டும்.

படி 1: முதலில் கதை, பிறகு கல்

எதைக் கட்டலாம் என்பதை விட, அங்கே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே வாக்கியத்தில் விடை வர வேண்டும். நம் காட்சிக்கு இதுதான் வாக்கியம்: காவலன் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து தூண்டில் போட்டிருக்கிறான், அவனுக்குத் தெரியாமல் கீழே இருக்கும் பூதம் தூண்டில் முள்ளில் மீனை மாட்டிவிடுகிறது.

பாலத்தடியில் பூதம் குடியிருப்பது நார்வே நாட்டுப்புறக் கதைகளில் வருவது. அவர்கள் ட்ரோல் என்பார்கள். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் மீம்தான் நினைவுக்கு வரும், அதனால் பூதமே இருக்கட்டும். பிரான்சில் கஹோர் நகரத்தில் 14ஆம் நூற்றாண்டுப் பாலம் ஒன்று இன்றும் நிற்கிறது. பெயர் வலான்த்ரே. மூன்று கோபுரங்கள் கொண்ட அந்தப் பாலத்தைக் கட்ட கொத்தனார் பிசாசோடு ஒப்பந்தம் போட்டான் என்று ஊரில் ஒரு கதை. 1879இல் பழுதுபார்த்த கட்டடக் கலைஞர் பால் கூ, கோபுரத்தில் ஒரு குட்டிப் பிசாசின் சிற்பத்தையே பொருத்திவிட்டார். இந்தப் பாலத்தின் படங்களைத் தேடிப் பாருங்கள். வேல்ஸில் மன்மத் ஊரில் உள்ள மன்னோ பாலத்தையும் பாருங்கள், அதில் வாயிற்கோபுரம் பாலத்தின் மேலேயே நிற்கிறது. மற்றவர்களின் லெகோவைப் பார்த்துக் கட்டினால் அவர்கள் விட்ட பிழையும் சேர்ந்து வரும். நிஜக் கல்லைப் பார்த்துக் கட்டினால் பிழையாவது உங்களுடையதாக இருக்கும்.

மாயம் ஒரு காட்சிக்கு ஒன்று போதும் என்பது என் கட்சி. டிராகனும் மந்திரவாதியும் எலும்புக்கூட்டுப் படையும் ஒரே பாலத்தில் ஏறினால் பொம்மைக்கடை அலமாரி மாதிரி ஆகிவிடும். எல்லாம் சாதாரணமாக இருக்கும் இடத்தில் ஒரே ஒரு விஷயம் மட்டும் தப்பாக இருந்தால்தான் கண் அங்கே போய் நிற்கும்.

படி 2: உதிரி சேர்ப்பது

இடைக்காலத்துக்கான உதிரிகள் லெகோவில் வெகுகாலமாக உண்டு. மஞ்சள் நிறத்தில் முதல் பெரிய கோட்டைப் பெட்டி, எண் 375, 1978இல் வந்தது. அதில் குதிரையைக்கூட பிரிக் அடுக்கித்தான் செய்ய வேண்டும். வார்த்தெடுத்த குதிரை 1984இல் வந்தது. டிராகன் 1993இல். 2007 முதல் 2009 வரை வந்த வரிசையில் எலும்புக்கூடுகள், பூதங்கள், குள்ளர்கள் எல்லாம் இருந்தார்கள். அண்மையில் வந்தவற்றில், தொடங்குபவருக்கு 31120 என்ற 1,426 உதிரிக் கோட்டைப் பெட்டியை நான் சிபாரிசு செய்வேன். சாம்பல் நிறச் சுவர் உதிரி நிறைய, கிடைத்தால் விடாதீர்கள். 4,514 உதிரி கொண்ட 10305 சிங்க வீரர்கள் கோட்டை அழகுதான், ஆனால் அதை உடைத்து உதிரி எடுக்க யாருக்கும் மனசு வராது.

குறிப்பிட்ட உதிரிதான் வேண்டும் என்றால் பிரிக்லிங்க் சந்தை. உலகம் முழுக்க உள்ள சில்லறை விற்பனையாளர்கள் அங்கே கடை விரித்திருக்கிறார்கள். 2000இல் ஒரு ரசிகர் தொடங்கியதை 2019இல் லெகோ நிறுவனமே வாங்கிக்கொண்டது. அவர்களுடைய ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளில் முதலில் கணினியிலேயே கட்டிப் பார்த்து, தேவைப் பட்டியலை அங்கிருந்து நேராகச் சந்தைக்கு அனுப்பலாம். இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. இருபது கடையில் இருபது பொட்டலம் வாங்குவதை விட, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் ஓர் ஓரம் கேட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

நிறப் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களை மாற்றியது. பழைய சாம்பலில் லேசான மஞ்சள் சாயல், புதியதில் நீலச் சாயல். லெகோ 'மீடியம் ஸ்டோன் கிரே' என்று சொல்வதும் பிரிக்லிங்க் 'லைட் புளூயிஷ் கிரே' என்று சொல்வதும் ஒன்றே. அதே புதிய வெளிர் சாம்பல். வெறும் 'லைட் கிரே' என்று போட்டிருந்தால் அது பழையது. தெரியாமல் கலந்து வாங்கிவிட்டால் கவலை வேண்டாம், பழைய சுவரில் இரண்டும் கலந்தால் அழகாகவே இருக்கும். ஆனால் தெரிந்தே கலக்க வேண்டும்.

செம்பழுப்பு உதிரிகளைப் பழையதாக வாங்காதீர்கள். 2004க்குப் பிறகு பல ஆண்டுகள் வந்த செம்பழுப்பும் அடர்சிவப்பும் அப்பளம் மாதிரி நொறுங்குவது இந்த உலகத்தில் ஊரறிந்த சங்கதி. அழுத்தினால் டிக் என்று ஒரு சத்தம், கையில் இரண்டு துண்டு. நம் குடிசையின் மரச்சட்டம் முழுக்க அந்த நிறம் என்பதால் இதற்கு மட்டும் புது உதிரி வாங்குங்கள்.

வந்த உதிரிகளை நிறம் பார்த்துப் பிரிக்கத் தோன்றும். பிரிக்காதீர்கள், வடிவம் பார்த்துப் பிரியுங்கள். பல நிறப் பிளேட் கிடக்கும் டப்பாவில் பழுப்புப் பிளேட் உடனே கண்ணில் படும். பழுப்புக் குவியலில் பழுப்புப் பிளேட்டைத் தேடிப் பாருங்கள், பொழுது விடிந்துவிடும்.

படி 3: தரையும் ஓடையும்

தரைக்கென்றே வரும் மெல்லிய தகடான பேஸ்பிளேட் வேண்டாம். அதற்கு அடியில் எதுவும் ஒட்டாது, தூக்கினால் வளையும். 16க்கு 16 பிளேட் ஒன்று, 8க்கு 16 பிளேட் ஒன்று. சேர்ந்து வரும் இடத்தில் மேலே குறுக்காக வேறு பிளேட்டுகளைப் போட்டுக் கட்டுங்கள்.

இதுதான் ஓடையின் அடி. தரை இதற்கு மேலே மூன்று பிரிக் உயரத்தில் வரும். 24 குமிழ் நீளத்தை இப்படிப் பங்கிடுங்கள்: இடக்கரைக்கு 11, ஓடைக்கு 6, வலக்கரைக்கு 7. ஓடை நிஜத்தில் இரண்டு மீட்டர் அகலம் ஆகிறது. சிறியதுதான், தாண்டிக் குதித்துவிடலாம். பிறகு எதற்குச் சுங்கம் கொடுக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

கரைக்குள் கண்ணில் படாத இடத்தில் கையில் இருக்கும் விகாரமான நிறங்களை எல்லாம் போட்டு நிரப்பலாம். என் கரைகளுக்குள் இளஞ்சிவப்பும் பச்சையும் கிடக்கின்றன. ஓடையை நோக்கிய முகத்தில் மட்டும் அடர்சாம்பலும் அடர்மணல் நிறமும். நேர்சுவராக வெட்டாமல், கீழே ஒரு குமிழ் வெளியே தள்ளி, நடுவில் உள்வாங்கி, ஸ்லோப்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் திருப்பிப் போடுங்கள். பெரிய வார்ப்புப் பாறைத் துண்டு ஒன்று லெகோவில் உண்டு. அதை ரசிகர்கள் 'பர்ப்' என்பார்கள். பெரிய, அசிங்கமான பாறைத் துண்டு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது, ஏப்பம் என்றும் பொருள். இரண்டு அர்த்தமும் பொருந்தும். தவிர்த்துவிடுங்கள்.

தண்ணீருக்கு அடியில் நடுவில் அடர்நீலம், கரையோரம் அடர்மணல் நிறம். அதன் மேல் ஒளி ஊடுருவும் வெளிர்நீலத்தில் ஒன்றுக்கு ஒன்று வட்டப் பிளேட்டுகளை நெருக்கமாக அடுக்குங்கள். ஆழம் தானாகத் தெரியும். பாலத்தின் கால் தண்ணீரைத் தொடும் இடத்தில் மட்டும் வெள்ளையில் நாலைந்து. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முடிவு செய்துவிட்டு, வரும் பக்கத்தில் நுரையை வையுங்கள்.

படி 4: கல்லைக் கல் மாதிரி காட்டுவது

இந்தக் கட்டுரை எழுத வந்ததே இந்தப் படிக்காகத்தான். ஒரு கல்சுவர் சரியாக வந்துவிட்டால் கோட்டையும் வரும், கோயில் கோபுரமும் வரும், இடிந்த மண்டபமும் வரும்.

முதலில் பாலத்தின் எலும்பு. இரண்டு கரையோரமும் இரண்டு பிரிக் உயரத்துக்குத் தூண் எழுப்பி, அவற்றின் மேல் 1×8×2 வளைவை வையுங்கள், எண் 3308. அதன் வாய் ஆறு குமிழ், நம் ஓடைக்கு அளவெடுத்த மாதிரி. பாலத்தின் அகலம் ஆறு குமிழ். முன்பக்கம் மூன்று குமிழ் விட்டுப் பாலம் தொடங்கட்டும், பின்னால் ஏழு மிஞ்சும், அது குடிசைக்கு. ஆறு வளைவையும் வரிசையாக வைக்க வசதியில்லை என்றால் முன்னும் பின்னும் ஒவ்வொன்று போதும். நடுவில் கருப்புப் பிளேட்டால் கூரை மூடிவிடுங்கள். உள்ளே இருட்டாக இருப்பது பூதத்துக்கும் நல்லது. கரையை விடப் பாலத்தின் நடு ஒரு பிரிக் உயரம் என்பதால் பாதை கூனல் விழுந்து ஏறி இறங்கும். அந்தக் கூனல் இல்லாவிட்டால் நெடுஞ்சாலைத் துறை கட்டிய கல்வெர்ட் ஆகிவிடும்.

இப்போது தோல். வெளியே தெரியும் சுவர்களுக்கு மூன்று வகை உதிரி கலக்கிறோம். வழுவழுப்பான சாதாரண பிரிக் பாதிக்கு மேல். செங்கல் வரி பதித்த 1×2 பிரிக், எண் 98283, அங்கங்கே. கூடவே கொஞ்சம் பக்கவாட்டில் ஒரு குமிழ் உள்ள 1×1 பிரிக், எண் 87087. இந்தக் குமிழில் ஒரு டைலை ஒட்டினால் அந்தக் கல் மட்டும் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னே துருத்தி நிற்கும். வெளிச்சம் விழும்போது அதற்குக் கீழே ஒரு நிழல் கோடு. கல்லுக்கு உயிர் கொடுப்பது அந்த நிழல்தான்.

புதியவர்கள் விடும் பெரிய பிழை இங்கே. வரி பதித்த பிரிக் கையில் கிடைத்ததும் சுவர் முழுக்க அதையே அடுக்கிவிடுவார்கள். அப்புறம் அது கல்சுவர் அல்ல, கொத்தனார் நூல் பிடித்துப் பூசாமல் விட்ட செங்கல் சுவர். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுவது மாதிரி, வழுவழுப்புக்கு நடுவே ஒரு திட்டு வரி, கொஞ்சம் தள்ளி இன்னொரு திட்டு என்று வைத்தால் போதும். காரை உதிர்ந்து உள்ளே கல் தெரிகிற மாதிரி இருக்கும்.

நிறமும் அப்படியே. வெளிர் சாம்பல் பெரும்பான்மை. அடர்சாம்பல் பத்தில் ஒரு பங்கு. அடர்மணல் நிறமும் ஆலிவ் பச்சையும் விரல்விட்டு எண்ணும்படி. கடுகு தாளித்த மாதிரி எங்கும் சமமாகத் தூவினால் சுவருக்கு அம்மை போட்டதுபோல் ஆகும். நிஜத்தில் கல் ஏன் கறுக்கிறது, எங்கே பாசி படிகிறது என்று யோசியுங்கள். மண்ணிலிருந்து ஈரம் ஏறும் அடிவரிசை, தண்ணீர் தெறிக்கும் தூண், மழைநீர் வழியும் மூலை. அடர்நிறங்கள் அங்கே கூட்டமாக, மேலே போகப் போகக் குறைந்து, உச்சியில் இல்லாமலே போகட்டும். நம் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரின் வடக்கு முகத்தை ஒரு மழைக்காலத்தில் பார்த்தால் இந்தப் பாடம் முழுக்க அதில் இருக்கும்.

மூட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வரக் கூடாது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அரைக் குமிழ் தள்ளி வைக்க ஆசைப்பட்டால் நடுவில் ஒரே ஒரு குமிழ் உள்ள 1×2 ஜம்பர் பிளேட், எண் 15573. அது மேலே வருவதை 4 மி.மீ. நகர்த்தும். கைப்பிடிச் சுவரில் இரண்டு மூன்று இடத்தில் இப்படி நகர்த்தினால் கட்டி முந்நூறு வருஷம் ஆன தளர்ச்சி வந்துவிடும். ஓரிடத்தில் ஒரு கல்லை எடுத்தே விடுங்கள். எடுத்த கல் கீழே ஓடையில் கிடக்கட்டும்.

பாதையின் தளத்தில் டைலும் குமிழுள்ள பிளேட்டும் கலந்து வரட்டும், நடுவில் வண்டித் தடம் போன இடத்தில் டைல் அதிகமாக. கைப்பிடிச் சுவர் ஒன்றரைப் பிரிக் உயரத்துக்கு மேல் போகக் கூடாது, காவலன் அதில் உட்கார வேண்டும்.

படி 5: காவலன் குடிசை

இடக்கரையில், பாதைக்குப் பின்னால், ஆறுக்கு ஆறு குமிழ். கீழ்த்தளம் கல், ஐந்து பிரிக் உயரம். மேல்தளம் மரச்சட்டமும் வெள்ளைப் பூச்சும். ஐரோப்பாவின் பழைய தெருக்களில் பார்க்கும் வகை. அங்கே மேல்தளம் கீழ்த்தளத்தை விட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், யார்க் நகரத்து ஷாம்பிள்ஸ் தெருவில் எதிரெதிர் வீடுகள் மேலே கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும். நமக்குப் பாதையை நோக்கி ஒரு குமிழ் நீட்டினால் போதும், நிஜ அளவில் அது ஓர் அடிக்கு மேல். நீட்டலுக்கு அடியில் உத்தரத்தின் நுனிகள் தெரிவது மாதிரி செம்பழுப்பு 1×1 வட்டப் பிளேட்டுகளை வரிசையாக வையுங்கள். இரண்டு நிமிட வேலை, பார்க்கிறவர்கள் முதலில் பாராட்டுவது இதைத்தான்.

மரச்சட்டத்துக்கு எளிய வழி: வெள்ளைச் சுவரைச் சாதாரணமாகக் கட்டி, சட்டம் வர வேண்டிய இடத்தில் 87087 பிரிக்குகளை வைத்து, செம்பழுப்பு டைல்களை நெட்டாகவும் குறுக்காகவும் ஒட்டுவது. சாய்வுச் சட்டம் வைக்க இப்போதைக்கு முயல வேண்டாம். அடுத்த குடிசையில் வைக்கலாம்.

கூரையை 45 பாகை ஸ்லோப்பில் போட்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் பள்ளிக்கூட மாதிரிவீடு மாதிரி இருக்கும். கீல் பிளேட்டின் மேல் ஒரு பெரிய பிளேட்டைச் சாய்த்து, அதில் 1×2 டைல்களையும் பிளேட்டுகளையும் கீழிருந்து மேலாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வரிசை மாற்றி ஒட்டுங்கள். அடர்சிவப்போ அடர்பழுப்போ ஒரு நிறம் பிடித்துக்கொண்டு, பத்துக்கு ஒன்று பக்கத்து நிறம். ஒரே ஒரு ஓடு நழுவித் தொங்கட்டும்.

பின்பக்கச் சுவரை விட்டுவிடலாம். இது ஏமாற்று வேலை இல்லை, குழுக்களில் எல்லாரும் செய்வதுதான். மிச்சமாகும் உதிரி மரத்துக்கு வரும்.

படி 6: செடி, உருவம், பூதம்

மரம் ஒன்று போதும், வலக்கரையில். பழுப்பு வட்டப் பிரிக்கில் தண்டு, அதில் இலைத் துண்டுகள், எண் 2417, 2423. இரண்டு பச்சை கலந்தால் நல்லது. தண்டை நேராக நிறுத்தாமல் ஓடைப் பக்கம் சாய்க்கப் பாருங்கள். புல்லுக்குப் பச்சைப் பிளேட்டின் ஓரங்கள் படிப்படியாகத் தெரிவதே போதும். தரை முழுக்கப் பூ நட்டால் திருமண வரவேற்பு ஆகிவிடும்.

காவலன் உடுப்பைப் பற்றி அலட்ட வேண்டாம், பழுப்பு உடம்பு, ஒரு தொப்பி. வாளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவன் தூண்டில் பிடிக்கட்டும்.

பூதத்தை முழுசாகக் கட்டாதீர்கள். நான் முதலில் முழு உருவம் கட்டினேன், தொப்பையோடு. மாவு மூட்டை மாதிரி இருந்தது. பிரித்துவிட்டு, வளைவின் இருட்டிலிருந்து நீளும் ஒரு கை மட்டும் வைத்தேன். மணல்பச்சை நிறத்தில் ஒரு பந்து மூட்டு, அதில் ஸ்லோப்புகளால் கனத்த முன்கை, விரலுக்கு நாலு கொம்புத் துண்டு. உள்ளே பின்னால் மஞ்சள் ஒளிபுகும் 1×1 வட்டப் பிளேட் இரண்டு, அதுதான் கண். ஒரு விரல் நுனியில் மீன். மீதி பூதத்தைப் பார்க்கிறவரின் மண்டை கட்டிக்கொள்ளும், நம்மை விடப் பெரிதாகவே கட்டும்.

படி 7: படம் பிடிப்பது

வீட்டில் இருப்பதை ஊருக்குக் காட்ட வேண்டும் என்றால் பாதி உழைப்பு இங்கே. வெள்ளையோ வெளிர்நீலமோ ஒரு சார்ட் பேப்பரைச் சுவரிலிருந்து மேசைக்கு மடிப்பில்லாமல் வளைத்து விடுங்கள். வெயில் நேராக விழாத ஜன்னலோரம், காலை நேரம். ஃபிளாஷ் வேண்டாம், பளபள பிளாஸ்டிக் அதைத் திருப்பி உங்கள் முகத்திலேயே அடிக்கும். பெயின்ட் பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள், கண்ணுக்குத் தெரியாத முடி படத்தில் கயிறு மாதிரி தெரியும். கேமராவைக் காவலனின் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். மேலிருந்து எடுத்தால் அது பொம்மை. கீழே இறங்கி எடுத்தால் அது இடம். கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்தால் கோடுகள் வளையாது. பூதத்தின் கை தெரியும்படி ஒன்று, குடிசை மட்டும் நெருக்கத்தில் ஒன்று, முழுக் காட்சி ஒன்று. மூன்று போதும்.

வெயிலில் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். வெள்ளையும் சாம்பலும் சில வருஷத்தில் மஞ்சளாகிவிடும்.

படி 8: கூட்டத்துக்குள் நுழைவது

இந்தக் கலையைத் தனியாகவும் செய்யலாம், ஆனால் பத்து வருஷம் ஆகும். குழுவில் சேர்ந்தால் ஒரு வருஷம். சில இடங்களில் ஒரு கற்பனை உலகத்தையே ரசிகர்கள் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். கில்ட்ஸ் ஆஃப் ஹிஸ்டோரிகா அதில் பெயர் பெற்றது. காடுகளின் அவலோனியா, பனிமலைகளின் மிட்கார்டியா, பாலைவனத்துக் கலிஃப்லின், இருண்ட நாக்டர்னஸ் என்று நாடுகள் பிரித்து, ஒவ்வொருவரும் தன் நாட்டில் ஒரு மூலையைக் கட்டி அதற்குக் கதை எழுதுவார்கள். இப்படிப்பட்ட உலகங்களில் புதியவருக்கு உள்ள பெரிய வசதி, மாளிகை கட்டத் தேவையில்லை என்பது. யாருடைய நாட்டிலோ ஓர் ஓடை ஓடும், அதற்கு ஒரு பாலம் வேண்டியிருக்கும்.

பல பேர் தங்கள் காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்காட்சி நடத்த விரும்பினால் அடித்தளத்தில் ஒத்துப்போக வேண்டும். மில்ஸ் என்பது அதற்கான பொது வழக்கம்: 32க்கு 32 பேஸ்பிளேட், அதன் மேல் ஒரு பிரிக், அதன் மேல் ஒரு பிளேட். இப்படி எல்லாருடைய தரையும் ஒரே உயரம். நம் காட்சி அந்த அளவில் இல்லை, பின்னால் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

சில எழுதாத சட்டங்கள். உதிரியை வெட்டுவது, பெயின்ட் அடிப்பது, பசை போடுவது பற்றிக் குழுக்களில் தீராத சண்டை. வேறு நிறுவனங்கள் செய்யும் வாள், கவசம் பற்றியும் அப்படியே. போட்டிக்கு அனுப்பும் முன் விதியைப் படித்துவிடுங்கள். ஒரு பிளேட்டை நெட்டாகத் திருப்பி இரண்டு குமிழ் வரிசைக்கு நடுவே செருகலாம், இடைவெளி சரியாக 3.2 மி.மீ. என்பதால் உட்காரும். ஆனால் துளிகூட இடம் விடாமல் உதிரியை இறுக்கிப் பிடிக்கும் என்பதால் லெகோ வடிவமைப்பாளர்கள் இதைச் செய்ய மாட்டார்கள். ரசிகர்கள் இந்த மாதிரி இணைப்புகளை 'சட்டவிரோதம்' என்று கேலியாகச் சொல்வார்கள். போலீஸ் வராது, உதிரிதான் விரியும். இன்னொருவரின் உத்தியை எடுத்தாண்டால் அவர் பெயரைச் சொல்லிவிடுங்கள். அதை மறைத்தவரை இந்த உலகம் சீக்கிரம் மன்னிக்காது.

படத்தைப் போட்டதும் நாலு பேர் 'சூப்பர்' என்பார்கள். அதில் சந்தோஷப்படுங்கள், ஆனால் ஒரு கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள்: "சுவரின் நிறம் மேலே போகப் போக வெளுப்பது இயல்பாக இருக்கிறதா?" பொதுவாக 'எப்படி இருக்கு' என்று கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். எனக்கு வந்ததிலேயே உருப்படியான விமர்சனம் ஒரே வரி. என் கதவுக்குப் படி இல்லை, காவலன் இரண்டு அடி எகிறிக் குதித்துத்தான் உள்ளே போக வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். கட்டிய மூன்று வாரமும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணில் படவே இல்லை.

படி வைத்து மறுபடி படம் எடுத்தேன். அக்கா மகளுக்கும் அனுப்பினேன். "மாமா, கைக்கு மோதிரம் போட்டு விடுங்க" என்று பதில் வந்தது. தங்க நிறத்தில் பொருத்தமான உதிரி தேடிக்கொண்டிருக்கிறேன்.